அப்படி ஒரு ஃபைல் இல்லை

மோதி பாக், புது தில்லி
22 ஜூலை 2025

திருமதி ஹம்சா அவர்களுக்கு,

வணக்கம். விசாரணையில் இருக்கும் ஓர் ஒப்பந்த ஊழியருக்கு நிர்வாகத் துணை இயக்குநர் தன் கைப்படக் கடிதம் எழுதுவது எங்கும் வழக்கமில்லை. உங்கள் ஆபீஸ் மெயிலை நிறுத்தியாகிவிட்டது. போனில் பேசினால் பதிவு செய்து வைத்துக்கொள்வீர்கள். அதனால் ஸ்பீட் போஸ்ட். நம் ஆபீஸில் வேறு யாருக்கும் படிக்கத் தெரியாது என்பதால் தமிழ். தில்லியில் பிறந்தவர்களின் தமிழ் எந்த அழகில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். புரியாத இடத்தில் யாரையாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

14ஆம் தேதியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். புதுக் கம்ப்யூட்டரின் திறப்பு விழா. முந்நூறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். புது மெஷின் மழையைக் கணக்குப் போடும், பழைய மெஷின் அதை வாங்கி நாளை எந்தெந்தச் சாலையில் தண்ணீர் நிற்கும் என்று பட்டியல் தரும், அது பெரிய திரையில் வரும். இதுதான் ஏற்பாடு. செக்ரட்டரி பட்டனை அழுத்தினார். திரை கறுப்பாகி ஒரே ஒரு வரி வந்தது. 'லிப்பானி' என்ற ஃபைலைத் திறக்க முடியவில்லை, அப்படி ஒரு ஃபைல் இல்லை. செக்ரட்டரி என் பக்கம் திரும்பி, "ஃபைல் கஹான் கயீ, ஜெயகிருஷ்ணன்?" என்றார். ஃபைல் எங்கே போச்சு என்று முப்பத்தாறு வருஷ சர்வீஸில் யாரும் என்னைக் கேட்டதில்லை.

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஃபைல் தெரியும். ஃபைலுக்குக் கால் கிடையாது. இல்லை என்றால் யாரோ எடுத்திருக்கிறார்கள். அந்த மெஷினின் பாஸ்வேர்டு உங்களிடம்தான் இருந்தது. மெமோவில் நான் எழுதியது அவ்வளவுதான்.

பழைய மெஷின் இன்றுவரை எழுந்திருக்கவில்லை. மாநகராட்சி இன்ஜினியர்கள் தினம் காலையில் பட்டியல் கேட்டுப் போன் செய்கிறார்கள். புது மெஷினைக் கொடுத்த கம்பெனியின் இன்ஜினியர் ஐயப்பன் எட்டு நாளாகத் தேடிக்கொண்டே இருக்கிறார். நீங்கள் ஒரு வரி எழுதித் தாருங்கள்: 'கவனக்குறைவால் அழிந்துவிட்டது.' கூடவே அதைத் திரும்பக் கொண்டுவரும் வழியையும் எழுதுங்கள். எச்சரிக்கையோடு விடச் சொல்லி விசாரணைக் கமிட்டியிடம் பேசுகிறேன்.

இல்லையென்றால் அறிக்கையில் 'வேண்டுமென்றே அகற்றினார்' என்று வரும். வேறொரு நிறுவனத்தில் உங்களுக்கு வேலை கிடைத்திருப்பதாகக் கேள்வி. அவர்கள் எங்களைக் கேட்காமல் உங்களைச் சேர்க்க மாட்டார்கள். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு எந்த அரசு அலுவலகமும் உங்களைச் சேர்க்காது.

யோசித்து எழுதுங்கள்.

ஜெயகிருஷ்ணன்


துவாரகா
25 ஜூலை 2025

மதிப்பிற்குரிய ஜெயகிருஷ்ணன் சார்,

நான் திருமதி இல்லை. பதினோரு வருஷம் என் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக் கையெழுத்துப் போட்டவருக்கு அதைப் படித்துப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை போலிருக்கிறது. என் தமிழைப் பற்றியும் கவலைப்பட வேண்டாம். மோதி பாக் தமிழ்ப் பள்ளியில் பன்னிரண்டாவது வரை படித்தவள் நான். உங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து நடந்து போகிற தூரம். காலையில் வாக்கிங் போகும்போது அந்தக் கட்டடத்துக்கும் ஒரு சலாம் வையுங்கள்.

நீங்கள் கேட்ட ஒரு வரி இதோ: நான் எதையும் அழிக்கவில்லை.

ஃபைல் அங்கேயேதான் இருக்கிறது. செக்ரட்டரியும் நீங்களும் முந்நூறு பேரும் சேர்ந்து திரையைப் படித்தீர்கள். ஒருவருக்கும் அர்த்தம் புரியவில்லை. உங்களுக்காக மெதுவாகச் சொல்கிறேன். எந்தப் புரோகிராமும் முழுக்கத் தனியாக இருப்பதில்லை. பல புரோகிராம்களுக்கும் தேவையான பொதுத் துண்டுகளை எழுதி ஓர் இடத்தில் வைத்திருப்போம். அதற்கு லைப்ரரி என்று பெயர். லிப்பானி அப்படி ஒரு துண்டு. தண்ணீர்க் கணக்கு அதில் இருக்கிறது. பழைய மெஷினின் மூளை இன்டெல், புது மெஷினின் மூளை ஆர்ம். ஒன்றின் பாஷை மற்றதற்குப் புரியாது. அதனால் ஒரே லிப்பானியை இரண்டு விதமாகச் செய்து, இரண்டு தனி ஃபோல்டரில் வைத்திருந்தேன். பெயர் ஒன்று, உள்ளே இருப்பது வேறு.

இன்டெல் மெஷின் அந்தப் பெயரைத் தேடிப் போகிறது. திறக்கிறது. முதல் சில எழுத்துகளிலேயே இது ஆர்ம் ஆளுக்கு எழுதியது என்று தெரிந்துவிடுகிறது. சத்தம் போடாமல் மூடிவிட்டு அடுத்த இடத்தில் தேடுகிறது. எங்கும் தனக்கானது கிடைக்காததால் கடைசியில் 'அப்படி ஒரு ஃபைல் இல்லை' என்கிறது. 'இருக்கிறது, ஆனால் எனக்கானது இல்லை' என்று சொல்ல அதற்குத் தெரியாது. மெஷினுக்குத் தெரியாததை மன்னிக்கலாம். ஒரு கமிட்டி, ஒரு துணை இயக்குநர், இவ்வளவு பேருக்கும் சேர்த்து ஒரு ஃபோல்டரைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லையே, அதை எப்படி மன்னிப்பது?

ஐயப்பனை அனுப்பாதீர்கள். அவருக்கு எல்லாம் தெரியும். சொன்னால் பழி கம்பெனி மேல் வரும் என்பதால் தேடுவதுபோல் உட்கார்ந்திருக்கிறார். நீங்களே போங்கள். file என்று நான்கு எழுத்து தட்டி, பக்கத்தில் அந்த லைப்ரரியின் பெயரைத் தட்டினால் அது யாருக்கானது என்று மெஷினே சொல்லும்.

சரிசெய்வது பத்து நிமிஷ வேலை. வழி எனக்குத் தெரியும். என் பெயர் சுத்தமாகிற வரை சொல்ல மாட்டேன்.

ஹம்சா


மோதி பாக்
30 ஜூலை 2025

செல்வி ஹம்சா அவர்களுக்கு,

திருத்திவிட்டேன். திருப்திதானே?

இருக்கிறது, ஆனால் இல்லை. உங்கள் பெயரைச் சொல்லாமல் இந்தத் தத்துவத்தைக் கமிட்டித் தலைவரிடம் எடுத்துச் சொன்னேன். அவர் நாற்பது வருஷம் ரெக்கார்டு ரூமில் இருந்து ரிட்டயர் ஆனவர். டீயைக் கீழே வைத்துவிட்டு, "ஹை பீ, நஹீன் பீ? யே ஃபைல் ஹை யா பூத்?" என்றார். ஃபைலா பேயா என்று கேட்கிறார். மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை உங்களுக்காக நான் வாங்கிக்கொண்டேன்.

ஒரே பெயரில் இரண்டு ஃபைல் வைத்திருந்தேன் என்று நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். இதைப் பெருமையாக வேறு சொல்கிறீர்கள். எந்த ரெஜிஸ்ட்ரியில் அம்மா இது நடக்கும்? ஒரே நம்பரில் இரண்டு ஃபைல் இருந்தால் அந்த செக்ஷன் ஆபீசரை அடுத்த நாளே மாற்றிவிடுவார்கள். இந்த அலங்கோலத்தைப் பார்த்துத்தான் ஏப்ரலில் ஆர்டர் போட்டேன். எல்லா லைப்ரரியும் ஒரே பொது ஃபோல்டரில் இருக்க வேண்டும், ஒரே பெயரில் இரண்டு இருந்தால் புதிய தேதி உள்ளதை வைத்துக்கொண்டு மற்றதைக் களைந்து வீட் அவுட் செய்ய வேண்டும். அந்த ஆர்டர் இரண்டு வரி. இரண்டு வரியை நிறைவேற்ற உங்களுக்கு மூன்று மாதம் போதவில்லை. விழாவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஐயப்பன் வந்து செய்து முடித்தார்.

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் வடிவு ஜங்புராவிலிருந்து வந்துகொண்டிருந்தாள். அங்கே இருந்த மதராசி கேம்ப் குடிசைகளை இடித்த பிறகு நரேலாவிலிருந்து மூன்று பஸ் மாறி வருகிறாள். பதினோரு மணி ஆகிறது. ஆனாலும் வருகிறாள். உங்களுக்கோ குளிர்சாதன அறையில் உட்கார்ந்து ஒரு ஃபோல்டரை ஒழுங்கு செய்ய முடியவில்லை.

மெஷின் அறைக்குள் நான் போய்த் தட்டிப் பார்க்க வேண்டுமாம். அதற்குத்தான் உங்களுக்குப் பதினோரு வருஷம் ஒப்பந்தம் கொடுத்தோம்.

பத்து நிமிஷ வேலையை வைத்துக்கொண்டு பேரம் பேசுகிறீர்கள். மழைக்காலம் நடக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெயகிருஷ்ணன்


துவாரகா
2 ஆகஸ்ட் 2025

ஜெயகிருஷ்ணன் சார்,

உங்கள் ஆர்டரை நீங்களே எனக்கு எழுதி அனுப்பியதற்கு நன்றி. நான் கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டீர்கள்.

டூப்ளிகேட்! ஒரே பெயர் இருந்தால் ஒரே ஆள் என்று எந்த ஊரில் சொல்லிக்கொடுத்தார்கள்? நம் ஆபீஸில் இரண்டு அபிராமி இருக்கிறார்கள். ஒருவர் அக்கவுண்ட்ஸ், ஒருவர் டிஸ்பாட்ச். தேதி பார்த்து ஒருவரை வீட் அவுட் செய்துவிட்டு மற்றவரை இரண்டு மேஜையிலும் உட்காரச் சொல்லியிருக்கலாமே. ஐயப்பன் செய்தது அதுதான். ஆர்ம் லைப்ரரி புதிய தேதி, இன்டெல் லைப்ரரி பழைய தேதி. பழையதை அழித்துவிட்டுப் புதியதைப் பொது ஃபோல்டரில் உட்கார வைத்தார். புது மெஷின் ஓடியது. பழைய மெஷின் படுத்தது. நீங்கள் என்னிடம் மெமோவை நீட்டினீர்கள்.

மூன்று மாதம் நான் சும்மா இருந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏப்ரல் 21ஆம் தேதி, இந்த ஆர்டரை நிறைவேற்றினால் பழைய மெஷின் நின்றுவிடும் என்று ஒரு நோட் எழுதி உங்களுக்கு அனுப்பினேன். ஒப்பந்த ஊழியர்களுக்கு இ-ஆபீஸ் கணக்கு கிடையாது என்பது உங்கள் சட்டம். அதனால் காகிதத்தில் எழுதி செக்ஷனில் கொடுத்தேன். நகல் எடுக்கவும் எங்களுக்கு அனுமதி கிடையாது, அதுவும் உங்கள் சட்டம். செக்ஷன் பதிவேட்டில் போட்ட டைரி நம்பர் மட்டும் குறித்து வைத்திருக்கிறேன். 417. அந்த நோட் உங்கள் மேஜைக்கு வந்து திரும்பிப் போனதை என் கண்ணால் பார்த்தேன். ஓரத்தில் பச்சை மையில் ஏதோ எழுதியிருந்தீர்கள். பச்சை மை ஜாயின்ட் செக்ரட்டரிக்கும் அவருக்கு மேலே இருப்பவர்களுக்கும் மட்டும்தான் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். உங்களுக்கு யாரும் சொல்லவில்லையா?

அந்த நோட்டைக் கமிட்டி முன் வையுங்கள். நான் கேட்பது அது ஒன்றுதான். புது இடத்தில் சேர எனக்கு செப்டம்பர் 1 வரை தவணை கொடுத்திருக்கிறார்கள். 'உங்கள் மேல் விசாரணையில் ஏதாவது நிரூபணம் ஆனதா' என்று அவர்கள் படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. அதை இன்னும் நிரப்பாமல் வைத்திருக்கிறேன். எனக்கு நாற்பத்தேழு வயது சார். இந்த வேலையை விட்டால் எனக்கு வேறு ஒன்றும் தெரியாது.

மெஷின் அறைக்குப் போகப் பயமாக இருந்தால் வடிவைத் துணைக்கு அழைத்துப் போங்கள். நரேலாவிலிருந்து வருகிறவளுக்குப் பத்தடி நடப்பது பெரிதில்லை.

ஹம்சா


மோதி பாக்
8 ஆகஸ்ட் 2025

ஹம்சா அவர்களுக்கு,

போனேன். உங்கள் வார்த்தைக்காகப் போகவில்லை, ஐயப்பன் முகத்தைப் பார்த்துச் சந்தேகம் வந்ததால் போனேன். அவரை டீ குடிக்க அனுப்பிவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனேன். அந்தக் குளிரில் மனுஷன் எப்படி உட்காருவான் என்று தெரியவில்லை. நீங்கள் எழுதியதை மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினேன். இரண்டு தடவை தப்பாகப் போயிற்று. மூன்றாவது தடவை வந்தது. ஃபைல் இருந்தது. ஆர்ம் என்றும் சொல்லிற்று.

ஆக, நீங்கள் அழிக்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன். இதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நான் பார்த்ததை எழுத்தில் வைக்க வேண்டுமென்றால் என் ஆர்டரையும் பக்கத்தில் வைக்க வேண்டும். 29ஆம் தேதி நான் ரிட்டயர் ஆகிறேன். முப்பத்தாறு வருஷத்துக்குப் பிறகு, ஒரு ஃபோல்டருக்காக, விசாரணையோடு வீட்டுக்குப் போக எனக்கு விருப்பமில்லை. கமிட்டியிடம் ஒரு வாசகம் சொல்லியிருக்கிறேன்: 'தொழில்நுட்பக் காரணம். பொறுப்பை யார் மீதும் உறுதியாகச் சுமத்த இயலவில்லை. ஊழியருக்குச் சந்தேகத்தின் பலன் அளிக்கப்படுகிறது.' எல்லோருக்கும் மரியாதை. நீங்கள் கேட்டதில் முக்கால்வாசி கிடைத்துவிடும்.

417 என்று எந்த நோட்டும் செக்ஷனில் இல்லை. தேடச் சொன்னேன். இல்லை.

இன்னொன்று. நேற்றுக் காலை மழையில் ஒரு சுரங்கப்பாதையில் ஸ்கூல் பஸ் மாட்டிக்கொண்டது. பேப்பரில் பார்த்திருப்பீர்கள். இருபத்தாறு குழந்தைகளையும் கண்ணாடியை உடைத்துத் தூக்கினார்களாம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பழைய மெஷின் ஓடியிருந்தால் அந்தப் பாதை முந்தின நாள் பட்டியலிலேயே இருந்திருக்கும், அங்கே ஒரு கான்ஸ்டபிள் நின்றிருப்பான். மாநகராட்சிக்காரர் போனில் என்னைத் திட்டினார். கேட்டுக்கொண்டேன். உங்களுக்கும் ஒரு பங்கு அனுப்பலாம் என்று தோன்றியது.

ஜெயகிருஷ்ணன்


துவாரகா
9 ஆகஸ்ட் 2025

சார்,

கடிதம் இன்று மதியம் வந்தது. அரை மணி நேரத்தில் எழுதுகிறேன். வழி இதுதான்.

நான் உட்காரும் மேஜையின் கீழ் டிராயரில் ஒரு கறுப்பு டிஸ்க் இருக்கிறது. மேலே 'ஜூலை 12' என்று எழுதியிருப்பேன். அதில் பழைய இன்டெல் ஃபோல்டர் முழுதாக இருக்கிறது. பொது ஃபோல்டருக்குள் மறுபடி இரண்டு ஃபோல்டர் போடுங்கள், ஒன்று இன்டெல், ஒன்று ஆர்ம். டிஸ்க்கில் இருப்பது இன்டெலுக்குள் போக வேண்டும், இப்போது வெளியே கிடப்பது ஆர்முக்குள் போக வேண்டும். பிறகு ஒவ்வொரு மெஷினுக்கும் லைப்ரரியை எங்கே தேட வேண்டும் என்று சொல்லும் ஒரு வரி உண்டு. இன்டெல் மெஷினில் அந்த வரியில் இன்டெல் ஃபோல்டர் மட்டும் இருக்கட்டும், ஆர்ம் மெஷினில் ஆர்ம் மட்டும். இரண்டையும் ஒரே வரியில் எழுதிவிடாதீர்கள். இதை ஐயப்பனிடம் படித்துக் காட்டுங்கள், அவருக்குப் புரியும். அவருக்குப் புரியாததுபோல் நடித்தால் அவருடைய மேலதிகாரிக்குப் போன் செய்யப்போவதாகச் சொல்லுங்கள்.

இதற்கு நான் விலை கேட்கவில்லை. 'என் பெயர் சுத்தமாகிற வரை' என்று முன்பு எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இருபத்தாறு குழந்தைகளை வைத்து உங்களோடு பேரம் பேசும் அளவுக்கு நான் இன்னும் இறங்கவில்லை.

ஆனால் உங்கள் முக்கால்வாசி எனக்கு வேண்டாம். சந்தேகத்தின் பலன் என்றால் சந்தேகம் இருக்கிறது என்று அர்த்தம். அந்தக் காகிதத்தைப் பார்க்கிற எவனும் 'இவள்தான் செய்திருப்பாள், தப்பித்துவிட்டாள்' என்றுதான் படிப்பான். நீங்களே அப்படித்தான் படிப்பீர்கள். முப்பத்தாறு வருஷம் சேர்த்த உங்கள் மரியாதை என் பெயரின் மேல் ஏறி நின்றால்தான் எட்டும் என்றால், அது ரொம்பக் குள்ளமான மரியாதை சார்.

417ஐப் பற்றி ஒன்றும் கேட்கப்போவதில்லை. இல்லை என்கிறீர்கள். மெஷினும் அப்படித்தான் சொன்னது. அதை நான் நம்பியிருக்கிறேனா?

ஹம்சா


மோதி பாக்
18 ஆகஸ்ட் 2025

ஹம்சா அவர்களுக்கு,

12ஆம் தேதி மெஷின் எழுந்துவிட்டது. பத்து நிமிஷம் என்றீர்கள், ஐயப்பனுக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. பட்டியல் போய்க்கொண்டிருக்கிறது.

நோட் 417 என் வீட்டு பீரோவில் இருக்கிறது. விழாவுக்கு அடுத்த நாள், ஜூலை 15, செக்ஷனிலிருந்து நானே வாங்கி பிரீஃப்கேஸில் வைத்துக்கொண்டு வந்தேன். அதைச் செய்த கையால்தான் உங்கள் மெமோவிலும் கையெழுத்துப் போட்டேன். ஓரத்தில் நான் எழுதியிருப்பது: 'பார்த்தேன். ஒரு பெயர், ஒரு ஃபைல். நீக்குக.' பச்சை மைதான். உங்களுக்குக் கழுகுக் கண்.

25ஆம் தேதி பிற்பகல் மூன்று மணிக்குக் கமிட்டியின் கடைசி அமர்வு. நோட்டை நானே அங்கே படிக்கிறேன். உங்களுக்கும் அழைப்பு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். கேட்டில் பாஸ் இருக்கும்.

நீங்கள் விலை கேட்காமல் வழியை எழுதி அனுப்பியது எனக்குப் பெரிய தொந்தரவாகிவிட்டது. கேட்டிருந்தால் இந்த நோட்டை பீரோவிலேயே நிம்மதியாக விட்டிருப்பேன்.

இதை நல்ல மனசு என்று எடுத்துக்கொண்டு பதில் எழுத வேண்டாம். உங்களை எனக்கு இப்போதும் பிடிக்கவில்லை.

ஜெயகிருஷ்ணன்


துவாரகா
27 ஆகஸ்ட் 2025

சார்,

பதில் எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதாமல் இருக்க முடியவில்லை.

நீங்கள் படிக்க மாட்டீர்கள் என்றுதான் 25ஆம் தேதி மூன்று மணி வரை நினைத்துக்கொண்டிருந்தேன். மெட்ரோவில் வரும்போது உங்களைத் திட்டுவதற்கு வாசகங்கள் தயார் செய்துகொண்டு வந்தேன், நல்ல நல்ல வாசகங்கள். நீங்கள் எழுந்து நின்று நோட்டைப் படித்தீர்கள். ஓரத்தில் எழுதியதையும் விடவில்லை. தலைவர், "யே ஆப்கி ஹேண்ட்ரைட்டிங் ஹை?" என்று அது உங்கள் கையெழுத்தா எனக் கேட்டபோது, "ஜீ, மேரி" என்று ஒப்புக்கொண்டீர்கள். "பைட்டியே" என்று அவர் சொல்லியும் கொஞ்ச நேரம் உட்காரவில்லை. நான் தயார் செய்த வாசகம் ஒன்றுகூட உதவவில்லை.

நேற்று அறிக்கையின் நகல் வந்தது. 'எந்த ஃபைலையும் இந்த ஊழியர் அகற்றவில்லை.' சந்தேகம், பலன், ஒன்றும் இல்லை. படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டேன். திங்கட்கிழமை சேர்கிறேன்.

இப்போது நான் சொல்ல வேண்டியது. அறிக்கையில் உள்ளது உண்மை. நான் எதையும் அகற்றவில்லை. ஆனால் அது முழு உண்மை இல்லை.

ஜூலை 14 காலை ஒன்பது மணிக்கு என் இடத்துக்கு வந்து மெஷினைத் திறந்தேன். இரண்டு ஃபோல்டரும் இல்லை. ஒன்றாகக் கலந்து கிடந்தது. பார்த்த உடனே தெரிந்துவிட்டது, பதினோரு மணிக்கு செக்ரட்டரி பட்டனை அழுத்தும்போது பழைய மெஷின் விழும் என்று. கறுப்பு டிஸ்க் டிராயரில் இருந்தது. பத்து நிமிஷம் போதும். எனக்கு இரண்டு மணி நேரம் இருந்தது.

நான் டிராயரைத் திறக்கவில்லை. இரண்டு வரி எழுதித் திருப்பி அனுப்பிய அந்தப் பச்சை மையை நினைத்துக்கொண்டேன். பதினோரு வருஷம் என்னை ஒரு தடவைகூட பெயர் சொல்லிக் கூப்பிடாமல் 'கம்ப்யூட்டர் அம்மா' என்றதை நினைத்துக்கொண்டேன். முந்நூறு பேர் முன்னால் இந்த ஆள் முழிக்கட்டும் என்று தோன்றியது. திரையை மூடிவிட்டுப் புடவையைச் சரிசெய்துகொண்டு ஹாலுக்குப் போய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். விழா முடிந்ததும் சரிசெய்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். மத்தியானமே நான் உள்ளே நுழையும் கார்டை நிறுத்திவிட்டீர்கள். அதற்குப் பிறகு உங்கள் மேல் இருந்த கோபத்தில் டிஸ்க்கை டிராயரிலேயே விட்டுவைத்தேன். அந்தப் பஸ் வரைக்கும்.

உங்களைக் குள்ளம் என்று எழுதினேன். எழுதும்போது நான் எவ்வளவு உயரம் என்று எனக்குத் தெரியும். வெட்கமாக இருக்கிறது.

இந்தக் கடிதத்தை நீங்கள் கமிட்டியிடம் கொடுக்கலாம். அறிக்கையைத் திரும்ப எழுதச் சொல்லலாம். அதற்காகத்தான் தேதி போட்டு, முழுக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

ச. ஹம்சா


மோதி பாக்
30 ஆகஸ்ட் 2025

ஹம்சா,

நேற்று ரிட்டயர் ஆனேன். சால்வை போட்டார்கள், சமோசா கொடுத்தார்கள், நான்கு பேர் பேசினார்கள். கிளம்பும்போது டிஸ்பாட்ச் அபிராமி ஒரு உறையை நீட்டினார். நோட் 417ஐ வீட்டுக்கு எடுத்துப் போனதற்கு விளக்கம் கேட்டு எனக்கு மெமோ. பதினைந்து நாள் அவகாசம். எப்படி எழுத வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அதில் எனக்குப் புதிதாக ஒன்றும் இல்லை.

அன்றைக்குத் திரை கறுத்ததும் ஹாலில் இருந்த முந்நூறு பேரும் திரையைப் பார்த்தார்கள். நீங்கள் மட்டும் என்னைப் பார்த்தீர்கள். என்ன வந்திருக்கிறது என்று படிக்கக்கூட ஒரு தடவை அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஃபைலை எடுத்தது இவள்தான் என்று நான் முடிவு செய்தது அந்த நிமிஷத்தில். மெமோ, கமிட்டி, பாஸ்வேர்டு எல்லாம் அதற்குப் பிறகு தேடிப் பிடித்தவை. மெஷின் அறையில் ஃபைல் இருப்பதைப் பார்த்த பிறகும் அந்த முகத்தை மறக்க முடியாமல் மூன்று வாரம் உங்களை வெறுத்தேன். நான் தப்பாகப் படித்தது திரையை மட்டும்தான் என்று இப்போது தெரிகிறது.

கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். நகல் எடுக்கவில்லை. அதைக் கமிட்டியிடம் கொடுப்பதா, கிழிப்பதா என்பதை என்னிடம் கேட்காதீர்கள். கையெழுத்து உங்களுடையது. திங்கட்கிழமை வேலைக்குப் போவதற்கு முன்னால் முடிவு செய்துவிடுங்கள்.

ஜெயகிருஷ்ணன்